ஆமையின் மைனஸ் இரண்டு

பூட்டுக்குச் சாவி தொலைந்தால் சுத்தியல் இருக்கிறது. கதவு மக்கர் பண்ணினால் ஜன்னல் இருக்கிறது. ஆமை போட்ட மைனஸ் இரண்டுக்கு மட்டும் ஒரு வழியும் கிடையாது. போட்டவரே வந்து எடுத்தால்தான் உண்டு. அந்த ஆமையோ வாரக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை.

இதை நினைத்து நினைத்து டெலிபோன்காரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டெலிபோன்காரி என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்துகொண்டு, சம்பளத்துக்குப் பாதியும் வீம்புக்குப் பாதியுமாக ஒரு கிளவுட் மென்பொருளை எழுதும் கூட்டம் ஒன்று இருக்கிறது. நூற்றுக்கணக்கான சாதாரணக் கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கட்டி மேய்க்கிற மென்பொருள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதிக் கொடுக்கலாம். அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அபூர்வம், எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். ஒரு தொலைபேசி கம்பெனியிலிருந்து முதன்முதலாக உள்ளே வந்தவள் என்பதால் இவள் டெலிபோன்காரி. எதையும் வரி வரியாக, ஆடி அசைந்து படிப்பதால் அவர் ஆமை. அது அவராகவே சூட்டிக்கொண்ட பெயர்.

வந்த புதிதில் அவளுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. தொலைபேசிக்காரர்கள் என்றாலே அந்தக் கூட்டத்துக்கு இளக்காரம். இவளும் சும்மா வரவில்லை. தலையணை கனத்துக்கு ஒரு தேவை அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் 'வேண்டும்' என்ற சொல் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தது. ஒருவர் எழுதினார்: "எல்லாம் சரிங்க, இதுல புரோகிராம் எங்க?" இன்னொருவர், "இது ஓட்டல் இல்ல, ஆர்டர் குடுத்துட்டு உக்கார" என்றார். அவள் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்து, அந்த மென்பொருளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அப்போது அவளுக்கு ஒவ்வொரு பிழையாகச் சுட்டிக்காட்டி, திட்டாமல் பதில் எழுதிய ஒரே ஆள் ஆமை. அதனால்தான் இப்போது அவர்மேல் வந்த கோபம் இரண்டு பங்காக இருந்தது.

அவள் கம்பெனியில் கீழ்த்தளம் முழுக்க ஒரு காலத்தில் இரும்பு அலமாரிகள் நின்றன. தொலைபேசி அழைப்புகளை இணைத்துவிடும் அலமாரிகள். வருடக்கணக்கில் தும்மாமல் ஓடியவை. அவற்றைச் செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள், உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. ஆகவே அலமாரி செய்த வேலையை மென்பொருளாக்கி, சாதாரணக் கம்ப்யூட்டர்களில் ஏற்றி, மேய்ப்பதற்கு அந்த இலவச மென்பொருளை வைப்பது என்று முடிவாயிற்று. பாதி அலமாரிகள் இரும்புக்கடைக்கே போய்விட்டன. முதலில் எந்த லைனை மாற்றலாம் என்று கூடிப் பேசியபோது, சின்ன லைனாகப் பார்த்து மாற்றுவோம் என்றார் மேலதிகாரி. இருப்பதிலேயே சின்னது ஆம்புலன்ஸ் அவசர லைன். இப்படியும் ஒரு புத்திசாலித்தனம்.

அந்த லைனின் மறுமுனையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் டெலிபோன்காரியின் அக்கா.

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கோடை தொடங்கும் முன் ஒரு நாள் அக்கா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு பொண்ணு கூப்பிட்டா, பாப்பா. 'எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வரல, நாங்க இருக்கிறது...' அவ்வளவுதான். லைன் செத்துப்போச்சு."

"திரும்பக் கூப்பிடலயா?"

"எந்த நம்பருக்குக் கூப்பிடறது? நம்பரே வரல. எல்லா சீட்டும் ஊமையாக் கிடந்துச்சு. லைன் திரும்ப வர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பொண்ணு அப்புறம் வரவே இல்ல." அக்கா தங்கையை ஏறிட்டுப் பார்த்தாள். "உங்க ஆளுங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

என்ன பண்ணி வைத்திருக்கிறார்கள் என்பது தங்கைக்கு மறுநாள் காலையே தெரிந்துவிட்டது. அழைப்புகளைத் தாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று உயிரை விட்டிருந்தது. அது பெரிய விஷயமல்ல. ஒன்று போனால் அதன் வேலையை இன்னொன்றில் எழுப்ப வேண்டியது மேய்க்கிற மென்பொருளின் கடமை. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 'நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்' என்று விடாமல் அதற்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். துடிப்பு என்று அதற்குப் பெயர். துடிப்பு நின்றால் மென்பொருள் சட்டென்று செத்தது என்று முடிவு கட்டாது; ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுமையாகக் காத்திருக்கும். துணிமணி விற்கிற இணையதளத்துக்கு அந்த ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. மூச்சு வராத மனிதனுக்கு அதுதான் எல்லாம்.

அவள் ஒரு திருத்தம் எழுதினாள். கம்ப்யூட்டர் விழுந்ததைக் கம்பெனியின் கண்காணிப்புக் கருவி கண்மூடித் திறப்பதற்குள் கண்டுபிடித்துவிடும். அது வந்து 'இன்னது செத்துவிட்டது' என்று சொன்னால், காத்திருக்காமல் உடனே இன்னொன்றை எழுப்பு. அவ்வளவுதான். சின்னத் திருத்தம். கூட்டத்தில் பலருக்குப் பிடித்தது, பிளஸ் போட்டார்கள். ஆமை மட்டும் ஒரு வாரம் படித்துவிட்டு மைனஸ் இரண்டு போட்டார், அதாவது 'கூடவே கூடாது' என்ற முத்திரை. கூட்டத்தின் மூத்தவர்களுக்கு மட்டும் உள்ள உரிமை அது. ஒருவர் போட்டால் ஊரே கூடி நின்றாலும் திருத்தம் உள்ளே போகாது.

காரணமும் எழுதியிருந்தார். "பதில் வரலைன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. நடுவுல கேபிள் அறுந்திருக்கலாம். அது பாட்டுக்கு உயிரோட இருக்கும், நீங்க இன்னொண்ணை எழுப்பிடுவீங்க. ஒரே நம்பருக்கு ரெண்டு பேர் ஆஜர் ஆவாங்க. பேசறவங்க குரல் பாதி இங்க போகும், பாதி அங்க போகும், யாருக்கும் ஒண்ணும் கேக்காது. அதனால முதல்ல அதோட கரண்டைப் பிடுங்குங்க. பிடுங்கிட்டு, அப்புறம் செத்துச்சுன்னு எழுதுங்க."

சொல்வது சுலபம். கரண்டைத் தூரத்திலிருந்து பிடுங்குவதற்கு அவள் கம்பெனிக் கம்ப்யூட்டர்கள் பாதியில் வசதியே இல்லை. அதை வாங்க மேலதிகாரி அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். கூட்டம் ஏற்காத திருத்தத்தை நம் நெட்வொர்க்கில் ஏற்றவும் மாட்டேன் என்றார். முன்பு ஒருமுறை சொந்தமாக ஒட்டுப்போட்டு ஓட்டி, அடுத்த பதிப்பு வந்தபோது எல்லாம் பிய்ந்துகொண்டு போய்ச் சூடுபட்டவர் அவர். டெலிபோன்காரி ஆமைக்கு விளக்கி எழுதினாள், கெஞ்சி எழுதினாள், கடைசியில் கொஞ்சம் சுருக்கென்றும் எழுதினாள். பதில் இல்லை. மெயிலுக்குப் பதில் இல்லை. ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டிலோ தினமும் அக்கா ஒரே கேள்வி: "இன்னைக்காவது சரியாச்சா?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூடக் காத்திருக்க மாட்டாள், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள்.

புதிய பதிப்புக்குக் கதவு சாத்தும் நாளும் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் உள்ளே போகாத திருத்தம் அடுத்த பதிப்புக்கு, அதாவது இன்னும் ஆறு மாதத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் வாராந்திரக் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை. எல்லாரும் ஒரே திரையில் எழுதுவார்கள். அதைக் கட்டி மேய்க்கும் தலைவி ஒருத்தி இருந்தாள், நியாயஸ்தி. அவள் காலையிலேயே டெலிபோன்காரிக்குத் தனியாக எழுதியிருந்தாள். "ஒரே ஒரு வழிதான் இருக்கு. காணாமப் போனவரை மூத்தவங்க பட்டியல்ல இருந்து எடுத்துட்டா அவர் போட்ட மைனஸும் கூடவே போயிடும். நாங்க யாரையும் இப்படி எடுத்ததில்ல. எல்லா வழியிலயும் தேடியும் பதில் இல்லைன்னா மட்டும்தான் ஓட்டுக்கு விடுவேன். நீங்க ஒரு தடவை தேடிப் பாருங்க."

மெயில் போட்டுப் பார்த்தவர்கள் இருந்தார்கள். டெலிபோன் செய்து பார்க்க அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் தொலைபேசிக்காரி அல்லவா, தோன்றியது. எப்போதோ ஒரு மாநாட்டில் ஆமை பேசியபோது திரையில் காட்டிய பக்கங்கள் இணையத்தில் கிடந்தன; கடைசிப் பக்கத்தில், மெயில் முகவரிக்குக் கீழே ஒரு வீட்டு நம்பர் இருந்தது. அவள் மொபைலை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். கீழ்த்தளத்தின் குளிர்காற்று படிகளில் ஏறி வந்துகொண்டிருந்தது.

எடுத்தது ஒரு பெண்குரல். இவள் தன்னை என்ன பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது என்று தடுமாறி, கடைசியில் பட்டப்பெயரையே சொன்னாள்.

"அட, டெலிபோனா!" என்றது குரல். "உங்க பேரு இந்த வீட்ல ரொம்பப் பிரபலம்மா. நான் அவரோட வீட்டுக்காரி. நீங்க எழுதறதை எல்லாம் அவர் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கார்."

"படிக்கிறாரா? அப்போ ஏன் பதிலே போடல?"

"பக்கவாதம்மா. பேச்சு போயிடுச்சு. வலது பக்கம் வரல. இடது கையில ஒரு விரல்தான் சொன்னபடி கேக்குது, அதுலயும் தட்டத்தான் முடியும், எழுத்துக் கூட்டி அடிக்க வரல. புத்தி எல்லாம் தெளிவா இருக்கு, காலையில கண்ணு முழிச்சா அந்த ஸ்கிரீன் வேணும். நான் ஏதாவது எழுதட்டுமான்னு கேட்டா வேண்டாங்கறார். அவர் பேர்ல வேற ஆள் எழுதக் கூடாதாம், கூட்டத்து வழக்கமாம். கட்டையில போற நேரத்துலயும் இவருக்கு வழக்கம்!" சிரிக்கத்தான் பார்த்தாள்.

டெலிபோன்காரி படியில் உட்கார்ந்துவிட்டாள். பாவமாக இருந்தது, பொய்யில்லை. ஆனால் அந்தப் பாவத்துக்குள்ளேயே ஓர் ஆசை தலையைத் தூக்கியது. ஆள் கிடைத்துவிட்டார். ஒரு விரல் இருக்கிறது. மைனஸை எடுக்க ஒரு விரல் போதும்.

"அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. ரொம்ப அவசரம்."

"ஸ்பீக்கர்ல போடறேன். ஆமான்னா ஒரு தட்டு தட்டுவார், இல்லைன்னா ரெண்டு."

அவள் சொன்னாள். அறிக்கையில் எழுதாததை எல்லாம் சொன்னாள். மூச்சு வராத புருஷனுக்காகக் கூப்பிட்ட பெண்ணைச் சொன்னாள். அக்கா சாப்பிடாமல் எழுந்து போவதைச் சொன்னாள். கரண்டைப் பிடுங்கும் கருவிக்குத் தான் நடையாய் நடந்ததைச் சொன்னாள். "சார், அந்த மைனஸை மட்டும் எடுத்துடுங்க. கரண்டு விஷயத்தை அடுத்த பதிப்புல நானே எழுதறேன். கால்ல விழுந்து கேக்கறேன்."

பிறகு மரத்தில் நகம் படும் சத்தம். டொக். ஒரு தட்டு என்றால் ஆமாம். டொக்.

"இல்லங்கறார்மா" என்றாள் மனைவி மெல்ல.

"ஒரு ஆள் செத்திருக்கலாம் சார்! உங்களுக்குப் புரியுதா?"

டொக். டொக்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. யோசிச்சுத்தான் தட்டினார். கண்ணுல தண்ணி வழியுது."

அவள் போனை வைத்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே அவரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். நல்ல மனிதர், அறிவாளி, தனக்கு எழுத்தறிவித்தவர் எல்லாம் அந்த நிமிடம் எங்கோ போய்விட்டது. கண் முன்னால் இருந்தது ஒரு கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்ற அவருடைய பயமும், ஏற்கெனவே அறுந்துபோன ஒரு பெண்ணின் குரலும். எது பெரிது என்று குழந்தைகூடச் சொல்லும் என்று அவளுக்குத் தோன்றியது.

கூட்டம் தொடங்கியது. மற்ற விஷயங்கள் மளமளவென்று முடிந்தன. பிறகு தலைவி எழுதினாள்: "கடைசியா ஆமை விஷயம். எனக்கு இது பிடிக்கல, ஆனா வேற வழி தெரியல. டெலிபோன், நீங்க தேடறேன்னு சொன்னீங்களே. ஏதாவது பதில் கிடைச்சுதா?"

டெலிபோன்காரியின் விரல் கீபோர்டின் மேல் நின்றது. பதில் கிடைத்தது. நான்கு தட்டுகள் கிடைத்தன. அதை எழுதினால் ஓட்டு இல்லை, திருத்தம் இல்லை; ஆறு மாதம் அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊமை லைனைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எழுதாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பேச முடியாதவர் வந்து சாட்சி சொல்லவா போகிறார்? இப்படி நினைத்தபோது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் எழுதினாள்.

"பதில் இல்லை."

ஓட்டு நடந்தது. வருத்தத்தோடு சம்மதம், வருத்தத்தோடு சம்மதம் என்று ஒவ்வொருவராக எழுதினார்கள். பட்டியலிலிருந்து ஒரு பெயர் போயிற்று. அதோடு சிவப்பு எழுத்தில் இருந்த மைனஸ் இரண்டும் போயிற்று. தலைவி பொத்தானை அழுத்த, திருத்தம் உள்ளே சேர்ந்துவிட்டது என்று தானியங்கிச் செய்தி வந்தது. "வாழ்த்துகள் டெலிபோன்!" என்று வரிசையாக வந்தது. ஆரம்பத்தில் ஓட்டல் என்று கிண்டல் செய்தவர், "இன்னைக்குச் சாப்பாடு ரெடி மேடம்" என்றார்.

அவள் அக்காவுக்கு எழுதினாள்: "சரியாச்சு அக்கா." உடனே பதில் வந்தது: "நிஜமாவா? இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தி அழறா."

அப்போதுதான் கூட்டத்தின் திரையில் ஒரு புள்ளி வந்தது. வேறொன்றுமில்லை, ஒரே ஒரு புள்ளி. அனுப்பியவர் பெயர்: ஆமை.

கொஞ்சம் விட்டு இன்னொரு புள்ளி. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. மறுபடியும் ஒரு புள்ளி, அதன் பின்னால் இன்னொரு புள்ளி.

"யாருப்பா அது, ஆமை வீட்டுப் பூனை கீபோர்டுல ஏறிடுச்சா?" என்று எழுதினார் ஓட்டல்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள். "அவரோட கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு போல" என்றார் இன்னொருவர். புள்ளிகள் நிற்கவில்லை. இரண்டு, இடைவெளி. இரண்டு, இடைவெளி.

டெலிபோன்காரி புள்ளிகளை எண்ணினாள். எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அந்த அம்மாள் சொன்னாளே. அவள் 'பதில் இல்லை' என்று எழுதியபோதும் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தன் பெயர் போவதைப் படித்திருக்கிறார். ஒற்றை விரலை வைத்துக்கொண்டு, முதல் புள்ளியை அனுப்ப இவ்வளவு நேரம் போராடியிருக்கிறார். நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன். கேபிள் அறுந்து கிடக்கும் கம்ப்யூட்டர் எப்படித் துடித்துக்கொண்டிருக்கும் என்று அவர் எழுதி எழுதிச் சொன்னபோது அவளுக்கு உறைக்கவில்லை. இப்போது அது கண் முன்னால் ஒவ்வொரு புள்ளியாக விழுந்தது. செத்ததாக எழுதிவிட்டவர் உயிரோடு இருந்தார். எழுதியது அவள் கை. நாளைக்கு இதே காரியத்தை அவள் எழுதிய திருத்தம் அவசர லைனில் செய்யும். அப்போது புள்ளி வைக்கக்கூட யாரும் இருக்க மாட்டார்கள். பாதிக் குரல் இங்கும் பாதிக் குரல் அங்குமாக யாரோ கத்திக்கொண்டிருப்பார்கள்.

"சரி, கூட்டத்தை முடிச்சுக்கலாமா?" என்று தலைவி எழுதினாள்.

"முடிக்காதீங்க" என்று எழுதினாள் டெலிபோன்காரி. பிறகு மளமளவென்று, பிழை திருத்தாமல் அடித்தாள். "அது பூனை இல்ல. அவர்தான். பக்கவாதம், ஒரு விரல்தான் வருது. நான் போன் பண்ணேன். வேண்டாம்னு சொன்னார். நான் பொய் சொல்லிட்டேன். திருத்தத்தை நானே திரும்ப எடுக்கிறேன், அவர் பெயரைப் பட்டியல்ல போடுங்க."

தலைவி ஆமையின் பெயரைத் திரும்பச் சேர்த்தாள். டெலிபோன்காரி தன் திருத்தத்தைத் தானே நீக்கும் வேலையை முடித்தாள். அடியில் ஒரு புள்ளி வந்தது. அவள் அடுத்ததற்குக் காத்திருந்தாள். வரவில்லை. ஒன்றே ஒன்றுதான்.

சாயங்காலம் கதவு சாத்தப்பட்டது. அவள் மாடிப்படிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இல்லக்கா. திரும்ப எடுத்துட்டேன்."

"என்னது?"

"அதுல தப்பு இருக்கு. கரண்டைப் பிடுங்கற வேலையும் சேர்த்து எழுதணும், கருவி வாங்கணும். ஆறு மாசம் ஆகும்."

"ஆறு மாசமா?" அக்காவின் குரல் கிரீச்சிட்டது. "நான் இவங்ககிட்ட என்னடி சொல்லுவேன்? நீயே வா. வந்து இந்த ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஆறு மாசம் உக்காரு. அப்போ தெரியும்."

உயிரோடிருக்கும் ஒருவரைச் செத்தவர் என்று எழுதிவிட்டேன் என்பதைத் தங்கை எந்த வாயால் சொல்வாள்? அதற்குள் அக்காவின் மேஜையில் மணி அடித்தது. மொபைலைக் கட் பண்ணாமல் அப்படியே மேஜையில் போட்டுவிட்டு அக்கா திரும்பிக்கொண்டாள். அவள் குரல் தள்ளி நின்று கேட்டது.

"சொல்லுங்க... அழாதீங்கம்மா, முதல்ல அட்ரஸ். என்ன ஆச்சுங்கறது அப்புறம். முதல்ல அட்ரஸ் சொல்லுங்க."

தங்கை படியில் நின்றபடி மொபைலைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கீழ்த்தளத்தில் அவளுடைய கம்ப்யூட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. அவற்றில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் அந்தக் குரல் இப்போது போய்க்கொண்டிருந்தது. விழுந்துடாதே, விழுந்துடாதே என்று அவள் முணுமுணுத்தாள்.

"கதவு நம்பர்? ம்... எந்தத் தெரு? பாலத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? சரி, வண்டி கிளம்பிடுச்சு. கதவைத் திறந்து வைங்க."

அக்கா மொபைலை எடுத்தாள்.

"முழுசா வந்துச்சு" என்றாள். "கேட்டியா? இனிமே ஒவ்வொரு தடவையும் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு இப்படித்தான்." அதற்குள் மறுபடி மணி அடித்தது. "அடுத்தது வருது. நீயும் கேளு. வச்சிடாதே."

"வைக்கலக்கா" என்றாள் தங்கை.